சிகரெட்டை விடும் எண்ணத்தைக் கட்டிக் காப்பது எப்படி?

நீங்கள் மேருவில் குடியிருக்கிறீர்கள். கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இல்லையென்றால் ஜாலான் மேருவில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து கிள்ளானுக்குப் போய்வரும் வேலை. நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட். அதை விட்டுவிட வேண்டும் என்ற நல்ல எண்ணமும் நெடுநாளாக உண்டு. அந்த எண்ணத்தைப் பழுதில்லாமல் வைத்துக்கொள்ளத்தான் இந்தப் பயிற்சி. காரியமாகிவிட்டால் எண்ணம் தீர்ந்துபோகும். ஆகவே கவனமாகப் பின்பற்றுங்கள்.

1. நல்ல நாள் பாருங்கள். இன்று வேண்டாம். நம் நாடு தாராளமானது. ஜனவரி முதல் தேதி, சீனப் புத்தாண்டு, சித்திரைப் புத்தாண்டு, அவால் முஹாரம் என்று ஆண்டுக்கு நான்கு புத்தாண்டு தருகிறது. ஒன்று தவறினால் அடுத்தது. குறித்த நாளுக்கு முந்தின இரவு, "வீணாக்கக் கூடாது" என்று மிச்சம் இருப்பதையெல்லாம் ஊதித் தீருங்கள். விடிந்தும் நாலு மீந்திருந்தால் நாளைத் தள்ளிப் போடுங்கள்.

2. ஊருக்கெல்லாம் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அத்தை கும்பிடு அனுப்புவார், மச்சான் கட்டைவிரல் காட்டுவார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாராட்டு முழுவதும் வந்து சேர்ந்துவிடும். கூலியை முன்னாலேயே வாங்கிய பிறகு யாராவது வேலை செய்வார்களா?

3. பெருக்கல் வாய்பாட்டை மறந்துவிடுங்கள். 2015 நவம்பரில் ஒரு சிகரெட்டுக்கான வரி 28 சென்னிலிருந்து 40 சென்னாக ஏறியது. பெரிய பிராண்டு பெட்டி 17 வெள்ளி ஆனது. "இதோடு சரி" என்று அன்றைக்கே சொன்னீர்கள். 17ஐ 365ஆல் பெருக்கினால் 6,205 வரும்; பெருக்காதீர்கள். மகளின் டியூஷனுக்கு மாதம் 20 வெள்ளி கூட்டினால் மட்டும் கணக்குப் பாருங்கள், கத்துங்கள். கை கடித்தால் கடத்தல் பெட்டிக்கு மாறி, அதற்குச் சிக்கனம் என்று பெயர் வையுங்கள்.

4. படம் பார்த்து வாங்குங்கள். 2009 முதல் பெட்டிமேல் நோய்ப் படங்கள் இருக்கின்றன. அழுகிய கால் வந்தால் திருப்பிக் கொடுங்கள். கருச்சிதைவுப் படம் உள்ளதாகக் கேளுங்கள். ஆண்பிள்ளைக்கு அந்த ஆபத்து இல்லை.

5. சட்டத்தை மதியுங்கள். 2019 ஜனவரி 1 முதல் உணவுக்கடைகளில் புகைக்கத் தடை. கடையிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். மாமாக் கடையில் தே தாரிக்கை மேசையில் விட்டுவிட்டு எழுந்து, அந்த 3 மீட்டரை நடந்து போய், சாக்கடை ஓரமாக நின்று ஊதுங்கள். திரும்பி வந்ததும், டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாரே, அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. வேப்புக்கு மாறுங்கள். 2023 மார்ச் 31 அன்று வேப் திரவத்தில் உள்ள நிக்கோட்டினை நச்சுப் பட்டியலிலிருந்து அரசாங்கம் எடுத்துவிட்டது. நச்சு இல்லையென்றால் சத்துதானே! மாம்பழ வாசம், திராட்சை வாசம் எல்லாம் பாருங்கள். சிகரெட் பிடிக்க முடியாத காரிலும் படுக்கையறையிலும் வேப். மற்ற இடங்களில் பழைய சிகரெட். இப்படியாக ஒன்றை விட முயன்று இரண்டைச் சம்பாதியுங்கள்.

7. தினமும் இரவு உங்கள் குறைகளைச் சிந்தித்துப் பாருங்கள். சிந்தனை மற்றவர்களுடைய குறையிலிருந்து தொடங்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சம்சு குடிக்கிறார். மச்சான் நாலு நம்பர் எடுத்தே வீட்டை அடகு வைத்தார். உங்களுக்கு இந்த ஒன்றுதான். கடைசியில் தாத்தாவைக் கூப்பிடுங்கள்: தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், சுருட்டும் கையுமாகவே எண்பதைத் தாண்டியவர். இருட்டோடு எழுந்து நிரை நிரையாக அவர் நடந்ததை விட்டுவிட்டுச் சுருட்டை மட்டும் வாரிசாக எடுத்துக்கொள்ளுங்கள். அதே லயத்தில் ஐம்பதில் இருமி இருமிப் போன மற்றத் தாத்தாக்களை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை; நீங்களும் அழைக்காதீர்கள்.

8. அரசாங்க கிளினிக் பக்கம் போகாதீர்கள். ஒரு வெள்ளி கட்டினால் உட்காரவைத்துப் பேசுவார்கள், நிக்கோட்டின் பட்டையும் மருந்தும் பற்றிச் சொல்வார்கள். முதல் மூன்று நாள்தான் மோசம், சிகரெட் ஆசை ஒவ்வொரு முறை எழும்போதும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும் என்ற ரகசியத்தையும் உடைத்துவிடுவார்கள். அந்தச் சில நிமிடம் தண்ணீர் குடித்துக் கடத்திவிட்டால் பயிற்சி கெட்டது. பாக்கெட்டில் எப்போதும் லைட்டர் இருக்கட்டும்.

9. தைப்பூச விரதம் இருங்கள். இந்தப் பயிற்சியிலேயே ஆபத்தான படி இதுதான். 48 நாள் சிகரெட்டைத் தொட மாட்டீர்கள். இடைவேளையில் கூட்டாளிகள் ஊதுவார்கள். நீங்கள் சும்மா நிற்பீர்கள். நோன்பு மாதத்தில் உங்கள் மலாய் நண்பர் பகல் முழுவதும் தொடாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள்; இப்போது இரவும் சேர்த்து நீங்கள். பத்துமலையில் 272 படியைக் காவடியோடு ஏறுவீர்கள். நிக்கோட்டினுக்காக உடம்பு படும் பாடு பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணிந்துவிடும். ஆகவே 48ஆம் நாள் நீங்கள் சிகரெட்டை விட்டு முடித்தவர். அந்தச் சேதி மட்டும் உங்கள் காதுக்கு எட்டக் கூடாது. "எல்லாம் முருகன் கொடுத்த பலம்" என்று சொல்லி, உங்கள் பங்கைத் துடைத்துவிடுங்கள். முருகனுக்குக் கொடுத்த வாக்குக்கு முடியும் தேதி இருக்கிறது; உங்களுக்கு நீங்களே கொடுக்கும் வாக்குக்குத் தொடங்கும் தேதிகூடக் கிடையாது. இந்த ஏற்பாடு குலையாமல் பார்த்துக்கொண்டால் போதும். காவடி இறக்கிய கையோடு, கீழே காத்திருக்கும் நண்பரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள். முதல் இழுப்பில் தலை சுற்றினால், வெயில்.

10. பிள்ளையை மறக்காதீர்கள். 2007 முதல் பிறந்தவர்களுக்கு ஆயுள் முழுக்கச் சிகரெட்டே விற்கக் கூடாது என்று 2022இல் சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் மசோதா கொண்டுவந்தார். 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பகுதி இல்லை. மகனுக்கு 18 வயது ஆகும்வரை கடைக்காரர் விற்க முடியாது. அதற்குமேல் நாடு அவனை உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டது. பாடம் நடத்த வேண்டியதில்லை. வாசலில் நீங்கள் நிற்கும் நிற்பு, தட்டும் தட்டு எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒருநாள் அவன் பள்ளிப் பையில் மாம்பழ வாசம் அடிக்கும். விடாதீர்கள். "யாரைப் பார்த்துடா கத்துக்கிட்டே?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி திட்டுங்கள். திட்டி முடிக்கும்போது உங்களுக்குக் கை நடுங்கும். வெளியே போய் ஒன்று பற்ற வையுங்கள்.