புளியங்கொட்டைத் தோல்

அப்போதெல்லாம் பெங்களூர் ஜீவனஹள்ளியில் பால்காரர் மாட்டையே வாசலுக்கு ஓட்டிவந்து கறப்பார். கறக்குமுன் செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும் என்பது பாட்டியின் சட்டம். கவிழ்த்துக் காட்டினாலும், “நேத்து பால் நீர்த்தாப்பல இருந்துதேப்பா” என்பாள். சந்தேகமெல்லாம் பால்காரர் மேல்தான். மாடு மகாலட்சுமி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

இப்போது குற்றவாளிக் கூண்டில் நிற்பது மகாலட்சுமி. அவள் விடும் ஏப்பத்தில் மீத்தேன் இருக்கிறதாம், 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 80 மடங்கு சூடேற்றும் வாயு. பலர் நினைப்பதுபோல் வாலடியில் அல்ல, பெரும்பாலும் வாய்வழியாகத்தான் வருகிறது. வயிற்று நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்கவைக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சும். அதை இன்னொரு கூட்டம் மீத்தேனாக்கிவிடும். பாலுக்குப் போகவேண்டிய தீவனச் சக்தியில் ஒரு பங்கு இப்படி ஏப்பமாய்ப் போகிறது. தவிடும் புண்ணாக்கும் விற்கிற விலையில் பாட்டி இதைக் கேட்டிருந்தால் மாட்டையும் வைதிருப்பாள்.

அதற்கு மருந்து எங்கள் ஊர் ஆடுகோடியில் இருக்கிறது. அங்கே 1995இல் தொடங்கிய தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம் புளியங்கொட்டைத் தோலிலிருந்து ‘டமரின் ப்ளஸ்’ என்று ஒன்றைச் செய்தது. பிறகு டானின் மிகுந்த தாவரங்களைக் கொண்டு ‘ஹரித் தாரா’. மீத்தேன் ஐந்தில் ஒரு பங்குவரை குறையும் என்கிறார்கள். டானின் என்றால் வேறொன்றுமில்லை, நம் நாக்கை இழுக்கிற துவர்ப்பு. அளவு மிஞ்சினால் மாடு தீனியை ஒதுக்கும், பாலும் குறையும். தாயம் உருட்ட நாங்கள் சிமெண்டுத் தரையில் கொட்டையைத் தேய்த்துத் தேய்த்து ஊதித் தள்ளிய அதே தோல்!

சீமையில் இதற்கு ‘போவேர்’ என்ற ரசாயனத் தூள். மீத்தேன் சுமார் 30 சதவீதம் குறையும், மாட்டின் வயிற்றிலேயே சிதைந்துவிடும், பாலுக்கு வராது என்று அதிகாரிகள் சொன்னார்கள். அதை நம்பாமல் 2024 கடைசியில் பிரிட்டனில் சிலர் பாலைத் தொட்டியில் கொட்டிப் படமெடுத்துப் போட்டார்கள். மறு வருடம் டென்மார்க்கில், மாடு படுத்துவிட்டது, பால் குறைந்தது என்று பண்ணைக்காரர்கள் புகார் சொன்னார்கள். பாட்டியின் சொந்தக்காரர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் போல.

எங்கள் தெருவுக்கு இன்று வருவது நந்தினி பால் பாக்கெட். இதில் எதைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வது?

போன வாரம் பேத்திக்குத் தாயம் சொல்லித்தரலாம் என்று சமையலறையில் புளியங்கொட்டை தேடினேன். புளியும் கொட்டை நீக்கித்தான் பாக்கெட்டில் வருகிறது.