தங்க அட்டைக்காரரின் முழங்கால்

இந்திய ரயில்வேயைத் திட்டாத தமிழன் கிடையாது. ஆனாலும் அதன் வெயிட்டிங் லிஸ்டுக்கு ஒரு நாணயம் உண்டு. 12 என்று டிக்கெட் எடுத்தவர் மறுநாள் 9-க்கு வருவார், சார்ட் போடும் நேரத்தில் 2-இல் தொங்குவார். எமர்ஜென்சி கோட்டாவில் எந்த எம்.பி.யின் மச்சான் நுழைந்தாலும் 12 என்பது 19 ஆகாது. நகராமல் நிற்கும், அவ்வளவுதான்.

அமெரிக்க விமான நிறுவனங்கள் அந்த நாணயத்தையும் வீண் செலவு என்று கழித்துவிட்டன. நெவார்க்கிலிருந்து டெல்லிக்குப் போகும் யுனைடெட் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாலு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். பிசினஸ் வகுப்புக்கு அப்கிரேடு கேட்டு வைத்திருப்பவர் மதியம் செல்போனில் பார்த்தால் மூன்றாவது ஆள். செக்யூரிட்டி தாண்டும்போது ஆறு. வாசலில் போய் உட்கார்ந்தால் பதினொன்று. யாரும் அவரை முட்டித் தள்ளவில்லை. பட்டியல் வந்த வரிசைப்படி அல்ல, வர்ணாசிரமப்படி அடுக்கப்பட்டிருக்கிறது. உச்சியில் குளோபல் சர்வீசஸ். அழைத்தால்தான் சேரலாம், என்ன செய்தால் அழைப்பார்கள் என்பதை வெளியே சொல்லமாட்டார்கள். அடுத்து 1கே, பிறகு பிளாட்டினம், கோல்டு, சில்வர். ஒரே சாதிக்குள்ளும் யார் டிக்கெட்டுக்கு அதிகம் அழுதார் என்று உட்பிரிவு. சில்வர்காரருடைய வாய்ப்பைப் பற்றி எழுத வேண்டாம், அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

வாசலில் ஒரு திரை. அதில் காத்திருப்பவரின் குடும்பப் பெயரில் முதல் மூன்று எழுத்து தெரியும். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் என்றால் அப்பா பெயர். ஆகவே, மயிலாடுதுறையில் ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் சுப்பிரமணியம், தாம் அறியாமலே நெவார்க்கில் ‘எஸ்.யு.பி.’ என்ற பெயரில் பதினொன்றாம் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

நியூஜெர்சியில் எடிசனில் இருக்கும் என் அண்ணன் மகன் இப்படிப்பட்ட பக்தர்களில் ஒருவன். எந்த நிறுவனத்தின் பக்தன் என்பது வேண்டாம். ஊருக்குக் கிளம்புகிற வாரம் போன் செய்தால் அம்மாவுக்கு என்ன வாங்கினான் என்று சொல்லமாட்டான். “சித்தப்பா, இருபது சீட் காலி. ஆனா பக்கெட் இன்னும் திறக்கலை” என்பான். இருக்கைகள் காலியாக இருந்தாலும் அப்கிரேடுக்கு என்று ஒதுக்கும் கணக்கு தனி, அதில் பூஜ்யம் என்று அர்த்தமாம். எப்போது திறப்பார்கள் என்றால், காசுக்கு வாங்க ஆளே இல்லை என்று கம்ப்யூட்டருக்கு மனம் வெறுத்த பிறகு.

அந்தக் கம்ப்யூட்டருக்கு இப்போதெல்லாம் லேசில் மனம் வெறுப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை பறக்கிறவர் செக்-இன் செய்யும்போது, இன்னும் சில நூறு டாலர் கொடுத்தால் முன்னால் படுத்துக்கொண்டே போகலாம் என்று அவர் திரையில் ஒரு பெட்டி முளைக்கிறது. அதே இருக்கைக்காகத்தான் பத்து வருட விசுவாசி பட்டியலில் நின்று வேர்க்கிறார். பல நாட்டு நிறுவனங்கள் இதை ஏலமாகவே நடத்துகின்றன. நீங்கள் கேட்கும் தொகைக்கு ஏற்ப ஒரு முள் நகரும். குறைவாகக் கேட்டால் உங்கள் ஏலம் பலவீனம் என்று சிவப்பில் காட்டி மானத்தை வாங்கும்.

1981 மே 1-ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறக்கும் தூரத்துக்குச் சலுகை தரும் மைல் திட்டத்தைத் தொடங்கியது. மற்றவர்கள் உடனே பின்னால் ஓடிவந்தார்கள். முன்வரிசையில் விற்காத இருக்கை எப்படியும் காலியாகத்தான் பறக்கப்போகிறது, அதை அடிக்கடி வருகிறவருக்குக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்ற காலம் அது. அந்த மிச்சம் இப்போது இல்லை. டெல்டா ஏர்லைன்ஸின் உள்நாட்டு முதல் வகுப்பில் பதினைந்து வருடம் முன்பு காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் எட்டில் ஒருவர் அளவுக்குத்தான் இருந்தார்கள். இன்று நாலில் மூன்று பேர். நிர்வாகிகள் முதலீட்டாளர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். விசுவாசிகளிடம் சொல்லவில்லை. அவர்களுக்குப் புது அட்டை அனுப்பினார்கள்.

அட்டையின் விலையையும் பார்த்துவிடலாம். பறந்த தூரத்துக்கு மைல் என்ற கணக்கை டெல்டாவும் யுனைடெட்டும் 2015-இல் புதைத்தன, அமெரிக்கன் 2016-இல். அதன்பின் செலவழித்த டாலருக்குத்தான் மரியாதை. யுனைடெட்டில் 1கே ஆக 2025-ஆம் ஆண்டுக்கு 28,000 புள்ளி, அல்லது 60 விமானம் ஏறி இறங்கி 22,000 புள்ளி. சுமாராக டாலருக்கு ஒரு புள்ளி. அதே ஆண்டு ஏப்ரல் முதல் பிரிட்டிஷ் ஏர்வேஸில் தங்கத்துக்கு 20,000 புள்ளி, பவுண்டுக்கு ஒன்று வீதம். 2023 செப்டம்பரில் டெல்டா விதிகளை ஒரேயடியாக இறுக்கி, கூச்சல் கிளம்பியதும், தலைமை அதிகாரி எட் பாஸ்டியன் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டோம் என்று ஒப்புக்கொண்டு ஒரு சுற்றுத் தளர்த்தினார். கழுத்தில் கைவைத்தவர் ஒரு விரலை எடுத்ததற்கு நன்றி சொன்னவர்களும் உண்டு.

இவ்வளவு பணம் கொட்டி, இவ்வளவு அவமானப்பட்டு எதற்கு முன்னால் போக வேண்டும்? பின்னால் உட்கார முடியாது என்பதால். போயிங் 777 வந்த புதிதில் பெரும்பாலான நிறுவனங்கள் எகானமி வரிசைக்கு ஒன்பது இருக்கை போட்டன. இப்போது பத்து. விமானம் அகலமாகவில்லை, பயணிகளும் ஒல்லியாகவில்லை. இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவு ஒரு வருடத்துக்குள் நிர்ணயிக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றம் 2018-இல் சட்டமே போட்டது. விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2022-இல் மக்களிடம் கருத்துக் கேட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள், பலர் முழங்காலைப் பற்றி. பயணிகள் அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனபோது, நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று 2023-இல் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். பின்னால் நெருக்க நெருக்க முன்னால் விலை ஏறும் என்ற கணக்கைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

ஆனால் இவர்களுடைய உண்மையான வியாபாரம் இருக்கையே அல்ல. 2020-இல் கொரோனாவில் விமானங்கள் தரையில் கிடந்தபோது யுனைடெட் தன் மைல் திட்டத்தை அடகு வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அந்தத் திட்டத்துக்கு நிறுவனமே போட்ட மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர். பங்குச்சந்தையில் அப்போது மொத்த நிறுவனத்தின் மதிப்பு ஏறக்குறைய அதில் பாதி. அதாவது விமானம், விமானி, பணிப்பெண், பெட்ரோல், வேர்க்கடலை எல்லாம் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்ல கம்பெனி. மைலை அச்சடித்து வங்கிகளுக்கு விற்பதுதான் தொழில். டெல்டாவுக்கு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2024-இல் மட்டும் 700 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அந்த நோட்டுக்கு ரிசர்வ் வங்கி கிடையாது. இன்றைக்கு ஒரு இருக்கைக்கு இத்தனை மைல் என்பதை நாளைக்கு இரட்டிப்பாக்க, அச்சடித்தவருக்கு யார் கையெழுத்தும் வேண்டாம்.

வங்கிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு முறை கார்டைத் தேய்க்கும்போதும் கடைக்காரரிடமிருந்து பிடிக்கும் கட்டணத்திலிருந்து ஒரு பெரிய பங்கு. கடைக்காரர் அதைப் பொருளின் விலையில் ஏற்றுகிறார். விலை எல்லோருக்கும் ஒன்றே. கார்டு கிடைக்காமல் சில்லறையை எண்ணிக் கொடுத்துப் பால் வாங்குகிற துப்புரவுத் தொழிலாளியும் அதைக் கொடுக்கிறார். விமானமே ஏறாத அந்த அம்மாளின் காசில்தான் ஆறிலக்கச் சம்பளக்காரர் ஷாம்பெயினுக்கு வரிசையில் நிற்கிறார். கிடைக்காவிட்டால் தமக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று கொதிக்கவும் செய்கிறார்.

நீதி கேட்டுப் போனவர் ஒருவர் உண்டு. மின்னசோட்டாவின் யூத மதகுரு, ராபி பின்யோமின் கின்ஸ்பர்க். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸில் உயர்ந்த பிளாட்டினம் படியில் இருந்தவர். பெட்டி தாமதமாக வந்தது என்றெல்லாம் அடிக்கடி புகார் சொன்னார். 2008-இல் அவரைத் திட்டத்திலிருந்தே நீக்கினார்கள். எங்கள் இஷ்டத்துக்கு யாரையும் நீக்கலாம் என்று விதியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். எந்த ஒப்பந்தத்திலும் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளும் கடமை அடங்கியிருக்கிறதே என்று ராபி வழக்குப் போட்டார். 2014 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். விமானச் சேவையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்த 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முன் அந்த நல்லெண்ணக் கோரிக்கை நிற்காதாம். தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோ ஒரு யோசனையும் சொன்னார்: பிடிக்காதவர்கள் நல்ல பெயர் எடுத்த வேறு நிறுவனத்தின் திட்டத்தில் சேரலாமே.

தாராளமாகச் சேரலாம். அந்தத் தீர்ப்பு வருவதற்குள் நார்த்வெஸ்டை டெல்டா விழுங்கியிருந்தது, கான்டினென்டலை யுனைடெட், யு.எஸ். ஏர்வேஸை அமெரிக்கன். போக்குவரத்துத் துறையிடம் முறையிடலாம் என்றும் தீர்ப்பில் இருந்தது. அந்தத் துறை நான்கு பெரிய நிறுவனங்களிடம் மைல் கணக்கைக் கேட்டு விசாரணை தொடங்கியது 2024 செப்டம்பரில், பத்து வருடம் கழித்து.

ராபி கதையை எடிசனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அண்ணன் மகன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

“பிளாட்டினமா சித்தப்பா? அந்தக் காலத்துப் பிளாட்டினம்னா சும்மா இல்ல. முன்சீட் நிறைய தடவை கிடைச்சிருக்கும், இல்ல?” என்றான், பொறாமையோடு.