காலி வீட்டுப் பால்காரர்: டிரைவர் வீழ்ச்சி குறித்த ஓர் ஆய்வு

திருநின்றவூரில் எழுந்த முதல் மென்பொருள் பூசலார் நாயனாரின் கோயில். கல் இல்லை, காசு இல்லை. அடித்தளம் முதல் சிகரம் வரை எல்லாம் நெஞ்சுக்குள். ரிலீஸ் தேதியும் தவறவில்லை. காஞ்சியில் கற்றளி எடுத்து அதே நாளைக் குறித்திருந்த மன்னர் காடவர்கோன்தான் தன் குடமுழுக்கைத் தள்ளிவைக்க நேர்ந்தது. நம் ஆய்வுக்கு வேண்டிய செய்தி வேறு: கட்டி முடித்த கோயிலில், பார்க்க லட்சணமாயிருக்கட்டும் என்று பூசலார் ஒரு தூணையாவது இடம் மாற்றியதாகச் சேக்கிழார் சொல்லவில்லை.

அதே ஊர்வாசிகளான நாங்கள் மாற்றினோம். திருவள்ளூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில், எடை இயந்திரத்தை லினக்ஸ் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் அது. வருஷக்கணக்கில் ஓடியது. 'கோடு அசிங்கமாயிருக்கு' என்று ரீஃபாக்டர் செய்தோம். மறுவாரம் முதல் கேபிளைப் பிடுங்கினால் சில சமயம் கணினி உறைந்தது. சில சமயம் இல்லை.

பட்சம் இரண்டு. 'ஒயர் லூஸ்' என்பது மென்பொருளார் கொள்கை. 'நேத்து வரைக்கும் ஓடிச்சே, எதுல கை வெச்சீங்க?' என்பது சூப்பர்வைசர் கொள்கை. பின்னதே சித்தாந்தம் என்பது போகப் போகப் புலப்படும்.

சாதாரணச் செயலி விழுந்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் நிற்பதோ கெர்னலுக்குள், கணினியின் கருவறையில். 2024 ஜூலை 19 அன்று, அதே கருவறையில் நிற்கும் தன் பாதுகாப்பு மென்பொருளுக்குக் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் அனுப்பிய கோப்பு 21 தகவல் எதிர்பார்த்தது, கிடைத்தவை 20. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் சாய்ந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள்.

லினக்ஸ் விழும்போது 'ஊப்ஸ்' என்று ஓர் அறிக்கை விடும். விழுந்த இடத்தைச் சொல்லும், தள்ளியவனைச் சொல்லாது. எங்களுக்கோ ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம். ஆகவே கிட் பைசெக்ட். 128 மாற்றங்களைப் பாதி பாதியாக வெட்டினால் ஏழு சோதனை. ஒவ்வொன்றிலும் கேபிளை ஐம்பது முறை செருகிப் பிடுங்கினோம். ஏழு சோதனை, ஏழு டீ.

அகப்பட்டது ஒரு வரி. பழைய கோடு முதலில் டைமரை நிறுத்தும், பிறகுதான் நினைவகத்தை விடுவிக்கும். அழகுபடுத்தியதில் வரிசை மாறிவிட்டது. வீட்டைக் காலி செய்தவர் பால்காரரிடம் சொல்லாததை ஒக்கும் இது. வீடு பூட்டிக் கிடந்தால் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். வேறு குடித்தனம் வந்திருந்தால்தான் தகராறு. சத்தமும் அவர்கள் வாசலில்தான் கேட்கும். சில சமயம் மட்டும் உறைந்தது என்னை எனின், இதனால் என்க.

வரி பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. அசிங்கமும் ஓரளவு திரும்பிவிட்டது. அடுத்து அழகாக்க வருவோர் முதலில் பால்காரரிடம் சொல்லிவிட்டு வரவும்.