தொய்வியல்: கொங்குச் சீமையை முன்வைத்து ஒரு தொடக்கநிலை ஆய்வு

தளர்ந்து கீழ்நோக்கி வளையும் பொருளைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. வாடுதல், வதங்குதல், துவளுதல், சாம்புதல், சோர்தல், தொய்தல் என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. அகராதியில் இவற்றில் ஒன்றைத் தேடிப் போனால் அது பங்காளி வீட்டைக் கைகாட்டும். பங்காளி திரும்ப இங்கேயே அனுப்பிவைப்பார். இக்குறையைக் களையும் நோக்கில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் பொடக்காலிகளிலும் (கொல்லைப்புறங்களிலும்) தறிக்குடோன்களிலும் பேக்கரிகளிலும் கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வுச் செலவில் பெரும்பகுதி பேக்கரியிலேயே போனதற்குத் தேங்காய் பன்னே காரணம். அதற்கும் முடிவுகளுக்கும் தொடர்பில்லை.

முதலில் இலக்கிய வரலாறு. வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழன் புறநானூற்றின் 214ஆம் பாட்டில் மேலுலகத்தைக் குறிக்கையில் அது தொய்தல் இல்லாத உலகம் என்கிறான். அங்கே தொய்தல் என்றால் வினை செய்தல் என்று பழைய உரை பொருள் காண்கிறது. உழைப்பும் தளர்ச்சியும் ஒரே சொல்லுக்குள் குடியிருந்தது உரையாசிரியர்களுக்கு வியப்பளித்ததாகத் தெரியவில்லை. தோட்டத்தில் பகலெல்லாம் மம்முட்டி பிடித்துவிட்டு வந்து திண்ணையில் சாயும் எவருக்கும் வியப்பளிக்காது. கட்டில் தொய்யாத ஊர் ஒன்று மேலே இருப்பதாகவே மன்னன் நம்பினான் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. தமிழறிஞர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அதற்கு முன்கூட்டியே நன்றி.

கொங்கு வழக்கில் இச்சொற்களைப் பிரித்தறிய அகராதி வேண்டியதில்லை, பரிகாரத்தைக் கேட்டால் போதும். தண்ணீர் விட்டால் நிமிருமானால் அது வாடல். ஒரு தூக்கம் போட்டால் நிமிருமானால் சோர்வு. இழுத்துக் கட்டினால்தான் நிமிரும் என்றால் அதுவே தொய்வு. பட்டறையும் மோட்டாரும் தறியும் வைத்துப் பிழைக்கும் ஊர், சொல்லுக்குப் பொருள் சொல்லும்போதே கையில் ஸ்பானரோடு நிற்கிறது.

இந்த இலக்கணத்துக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதில் வேடிக்கை இல்லை. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னையைப் பிடித்திருக்கும் கேரள வேர்வாடல் நோய், தண்ணீருக்கும் நிமிராத வாடல். 1882இல் கோட்டயம் அருகே ஈராற்றுப்பேட்டையில் முதலில் கண்டறியப்பட்ட நோய் இது. கீற்று விறைப்பிழந்து, விலா எலும்பு போல உள்வளைந்து தொங்குவதே அதன் அடையாளம். நோயை உண்டாக்கும் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் மரத்துக்கு மரம் சுமந்து போகின்றன. தோப்புக்காரர்கள் அந்த ஓலைகளைப் பற்றித் ‘தொய்வு’ என்று சொல்வதே இல்லை. இழுத்துக் கட்ட முடியாததற்கு அந்தச் சொல் பொருந்தாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இனி மைய ஆய்வுப் பொருளான கவுத்துக் கட்டிலுக்கு வருவோம். புதிதாகப் பின்னிய கட்டில் முதல் வாரம் மனிதரை ஏற்காது. பலகை போலத் தள்ளும். பிறகு மெல்ல இணங்கும். சில மாதங்களில் நடுவே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் வீட்டின் மூத்தவருடைய உடலளவில் அமைகிறது, வேறெவர் படுத்தாலும் உருண்டு அதில்தான் விழுகிறார். அப்புச்சி (தாய்வழித் தாத்தா) படுத்த கட்டிலில் பேரன் படுத்தால், முதுகு வளைவிலேயே பரம்பரைச் சொத்து வந்து சேர்ந்துவிடுகிறது. கால்மாட்டில் இழுத்துக் கட்டுவதற்கென்றே தனியாகக் கயிறு விட்டிருப்பார்கள். கட்டில் பின்னியவர் தொய்வை எதிர்பார்த்தே பின்னினார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அந்தக் கயிற்றை எப்போது இழுப்பது என்பதில்தான் வீட்டுக்கு வீடு சர்ச்சை. “நாளைக்கு இழுத்துக் கட்டிப் போடறேன் கண்ணு” என்று அப்புச்சி சொன்னால், அடுத்த நோம்பி (பண்டிகை) வரை கவலையில்லை.

கட்டிலுக்கு அடுத்தது துணி காயப்போடும் கொடி. இங்கே ஐரோப்பா சற்றே குறுக்கிடுகிறது. இரு முனை கட்டித் தொங்கும் சங்கிலி என்ன வளைவில் இருக்கும் என்பது பெரிய மூளைகளைப் படுத்திய கேள்வி. கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் அது ஏறத்தாழப் பரவளையம் என்றார். 1690இல் யாக்கோப் பெர்னூலி இதைச் சவாலாக அறிவிக்க, மறு ஆண்டே லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யாக்கோபின் தம்பி யோஹான் மூவரும் சரியான விடையைத் தந்தார்கள். அண்ணனால் முடியாததைத் தாம் முடித்ததாகத் தம்பி பின்னாளிலும் பெருமை பேசினார். மூவரில் எவரும் துணி காயப்போட்டவராகத் தெரியவில்லை. போட்டிருந்தால் வளைவின் பெயரை விட்டுவிட்டு, கொடியை ஏன் நேராகவே கட்ட முடியவில்லை என்றல்லவா கேட்டிருப்பார்கள்.

அதற்கும் விடை உண்டு. இருபது அடிக் கொடியில் மூன்று கிலோ ஈரத்துணி சீராகப் பரவியிருக்கிறது, நடுவில் ஓரடி தொய்வு என்று கொள்வோம். கயிற்றின் இழுவிசை ஏறத்தாழ ஏழரை கிலோ. (ஏழரை என்பது கணக்கில் வந்தது, சனி பகவானுக்கு இதில் பங்கில்லை.) தொய்வை ஓர் அங்குலமாகக் குறைத்தால் இழுவிசை 90 கிலோ. அரை அங்குலத்துக்கு 180. தொய்வே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் எல்லையற்ற விசை வேண்டும். கொங்குப் பொடக்காலிகளில் கொடியின் ஒரு முனை பெரும்பாலும் முருங்கை மரத்தில் கட்டப்பட்டிருக்கும். முருங்கையோ காற்றுக்கே கிளை முறிப்பது. எல்லையற்ற விசையைத் தாங்கும் மரம் அன்று. “வேட்டி மண்ணுல பொரளுது, கவுத்தை இழுத்துக் கட்டுங்க” என்று அம்மிணி சொல்லும்போது ஆண்மக்கள் எழாமல் இருப்பதைச் சோம்பல் என்று முந்தைய ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். இயற்பியல் அறிவு என்று திருத்தி வாசிக்க வேண்டும்.

இதே அறிவு வயர்மேன்களுக்குத் தொழிலாகவே இருக்கிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்து கோவைப் பஞ்சாலைகளை ஓட்டத் தொடங்கியது முதல், கம்பத்துக்குக் கம்பம் கம்பிகள் கணக்காகத் தொய்வு விட்டே கட்டப்பட்டு வருகின்றன. வெயிலில் கம்பி நீளும், குளிரில் சுருங்கும். விறைப்பாகக் கட்டினால் மார்கழியில் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும். கீழே நின்று அண்ணாந்து பார்த்து “ஏனுங், லைன் தொங்குதுங்” என்று குறை சொல்லும் விவசாயியும், மேலிருந்து “அது இருக்கட்டுங்” என்று பதில் சொல்லும் வயர்மேனும் இருவேறு தத்துவ மரபினர். லைன் நெல் அறுக்கும் எந்திரத்தை உரசும் அளவுக்கு இறங்கும்போது விவசாயியின் மரபே சரியானது.

தறியில் நிலைமை தலைகீழ். சோமனூரிலோ பல்லடத்திலோ பாவு தொய்ந்தால் இழைகளுக்கு நடுவே நாடா போகும் வழி சரியாகத் திறக்காது. நாடா பாதியில் சிக்கி, இழைகள் கூட்டமாக அறும். அன்றைய கூலியும் அதோடு அறும். பாவு தொய்யாமலிருக்கப் பழைய விசைத்தறிகளில் பீமின் மேல் கயிறோ சங்கிலியோ சுற்றி, நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிடுவார்கள். ஒன்று தொய்யாதிருக்க இன்னொன்று தொங்க வேண்டியிருக்கிறது. குடும்ப அமைப்பைப் பற்றி இதிலிருந்து முடிவுக்கு வரும் எண்ணம் இந்த ஆய்வுக்கு இல்லை.

கால்நடையைப் பொறுத்தவரை ஒரே குறிப்பு: காங்கேயம் மாட்டுக்குக் கழுத்தின் கீழ் தொங்கும் அலைதாடியே சிறிது. இழுத்துக் கட்டிய உடம்பு. மண்ணின் குணம் என்று ஊர்க்காரர் சொல்வதை மறுக்க ஆய்வாளருக்குத் துணிவில்லை, கொம்பும் இருக்கிறது.

செய்தித்தாள்களில் இச்சொல் வேறு வேலை பார்க்கிறது. “பாலப் பணியில் தொய்வு”, “குடிநீர்த் திட்டத்தில் தொய்வு”. குளம் நிரப்பும் அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் அரைநூற்றாண்டுக்கும் மேலாகக் கோரிக்கையாகத் தொங்கி, 2019இல் அடிக்கல் கண்டு, 2024 ஆகஸ்டில் 1,045 குளம் குட்டைகளுக்காகத் திறக்கப்பட்டது. இடையில் எத்தனை தலையங்கங்களுக்கு இந்த ஒரு சொல் சோறு போட்டிருக்கும்! அதன் வசதி இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘தொய்வு ஏற்பட்டுள்ளது’ என்னும் வாக்கியத்தில் எழுவாய் தொய்வுதான். கயிறு தளர்ந்தது தெரிகிறது, முனையைப் பிடித்திருந்த கை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு, தொய்வு என்ற சொல் வழங்காத இடம் பற்றியது. கொங்கு நாட்டார் கயிறு தொய்ந்தது என்பார்கள், அரசு வேலை தொய்ந்தது என்பார்கள், பக்கத்துப் பட்டறைக்காரர் வியாபாரம் தொய்ந்தது என்று குரல் தாழ்த்திச் சொல்வார்கள். தம் வியாபாரம் தொய்ந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. ஆர்டர் இல்லை, வசூல் இல்லை, மிஷின்கள் உறங்குகின்றன. எல்லாம் தளர்ந்து கிடக்கும் அந்த நிலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டைட்டு’. தளர்ச்சியை அதன் நேர் எதிர்ச்சொல்லால் அழைக்கும் இவ்வழக்கை மங்கலம் என்று இலக்கணத்தில் அடக்கலாம். கொடிக் கணக்கு வேறொரு விளக்கம் தருகிறது: சுமை நடுவில் தொங்குகிறது, விசை முனையைப் பிடித்திருப்பவர் கையில் ஏறுகிறது.

சரிபார்க்கும் பொருட்டு, கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் நேரடியாகவே கேட்கப்பட்டது.

“ஏனுங்கண்ணா, தொழில் கொஞ்சம் தொய்வுங்களா?”

“தொய்வா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங் தம்பி. கொஞ்சம் டைட்டு, அவ்வளவுதானுங். நோம்பி போனாச் செரியாயிரும்.”

எந்த நோம்பி என்பதை அவர் குறிப்பிடவில்லை.