ஆறாவது விரல்

ஈப்போ சிலிபினில் வளர்ந்தவனுக்கு உயரம் புதிதல்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுண்ணாம்பு மலை நிற்கும். தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் கோவிலிலிருந்து கிளம்பும் கூட்டத்தோடு நானும் கல்லுமலைக்கு வருஷம் தவறாமல் போகிறவன். மலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதில் எனக்கு இன்றுவரை எந்தச் சிரமமும் வந்ததில்லை.

பள்ளி முடித்து சும்மா இருந்த நேரம். எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றில் கும்பாபிஷேகத் திருப்பணி தொடங்கியது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கோபுரத்துக்குப் புது வர்ணம் பூசுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சாரம் கட்டிக்கொடுக்கும் மாமாவுக்கு எடுபிடி ஆள் தேவைப்பட்டது.

"மேல ஏறுவியா தம்பி?"

"எங்க தாத்தா ஏணி போட்டுப் பால்மரம் வெட்டினவரு மாமா."

பொய்யில்லை. கீழ்ப்பட்டை தீர்ந்த கிழட்டு மரத்தில் மேல்பட்டையைச் சீவ ஏணி வைப்பார்கள். அந்த ஏணி எவ்வளவு உயரம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதல் மூன்று நாள் என்னைப் போல் வேலைக்காரன் ஈப்போவிலேயே கிடையாது. மண் அமுங்காமல் இருக்க இரும்புக்காலுக்கு அடியில் பலகை போடுவேன். ஜாக்கைத் திருகி ரசமட்டம் பார்ப்பேன். பார்த்ததையே மறுபடியும் பார்ப்பேன். "சாரத்தோட பலமெல்லாம் காலுலதான்" என்று மாமா ஒருமுறை சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை நான் விடவே இல்லை. மேலே ஆள் கூப்பிடும்போதெல்லாம் கீழே ஏதாவது ஒரு கால் எனக்குச் சாய்ந்து தெரியும்.

நாலாம் நாள் தப்பிக்க வழியில்லை. பசியாறியதும் பெல்ட்டை மாட்டி ஏற்றிவிட்டார்கள். இரண்டாம் தட்டு வரை வீரன். மூன்றாம் தட்டில் முழங்கால் இரண்டும் தப்பு அடிக்கத் தொடங்கின. கொக்கியைத் தலைக்கு மேலே, அசையாத குழாயில் மாட்டவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கொக்கி எவ்வளவு தாழ இருக்கிறதோ, விழுகிறவன் அவ்வளவு தூரம் கூடுதலாக விழுவான். பாடம் மனப்பாடமாகத் தெரியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கைக்கு எட்டியதில் மாட்டினேன். அது வர்ண வாளி ஏற்றும் கயிறு.

மாமா பக்கத்தில் வந்து, குரல் உயர்த்தாமல் கேட்டார்: "நீ விழுந்தா வாளி உன்னைப் பிடிச்சுக்குமா தம்பி?"

அன்று சாயங்காலமே கையிலிருந்த ஸ்பேனரைத் தவறவிட்டேன். மணிக்கட்டில் கயிறு கட்டியிருந்தேன். முடிச்சுதான் சரியில்லை. ஸ்பேனர் பலகை ஓரமாக உருண்டு, யார் தலையிலும் படாமல் மணலில் குத்தி நின்றது. எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. இருட்டுவதற்குள் தட்டின் ஓரமெல்லாம் தடுப்புப் பலகை வைத்து அடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். எனக்கு உறைத்தது அந்தப் பலகைதான்.

ஞாயிற்றுக்கிழமை தைரியம் தேடி பத்து காஜாவுக்கு மோட்டாரில் போனேன், கெல்லி கோட்டையைப் பார்க்க. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய மாளிகை. கட்டியவர்கள் மதராசிலிருந்து வந்த நம் ஆட்கள். ஆறு மாடிக் கோபுரத்தில் துரைக்கு மின்தூக்கி வைக்கவும் இடம் விட்டிருந்தார்கள். வந்திருந்தால் மலாயாவின் முதல் மின்தூக்கி என்பார்கள். வரவில்லை. நடுவில் விஷக்காய்ச்சல் வந்து கூலிகளைக் கொண்டுபோனது. மிச்சமிருந்தவர்கள் கேட்டதால் துரை ஒரு மாரியம்மன் கோவில் எழுப்பித் தந்தார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. அந்தக் கோவில் கூரையில் சாமிகளோடு தொப்பி போட்ட ஒரு துரையும் நிற்கிறார். கெல்லிதான் என்கிறார்கள். சாரத்தில் நின்றவர்கள் யாரும் கூரையில் இல்லை.

இதையெல்லாம் நான் கீழே நின்றுதான் பார்த்தேன். மேல்மாடிக்கு ஆறு வயதுப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். நானோ மின்தூக்கிக்காகக் காத்திருக்கிறவன்போல அந்தக் காலிக் குழியின் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தண்ணீர் போத்தல் வாங்கப் போனேன்.

திருப்பணி முடியும் தறுவாயில் மாமா என் கையில் தூரிகையைக் கொடுத்தார். வாசல் துவாரபாலகர், இடது கால், முட்டிக்குக் கீழே. ஏணிகூட வேண்டாம், குந்தினால் போதும். மகிழ்ச்சியில் மெய்மறந்து நகம் வரைந்துகொண்டே போனதில் விரல் ஒன்று கூடிவிட்டது. சிற்பி வந்து குனிந்து பார்த்தார். "அஞ்சு பத்தலையோ?" என்றார். மறுநாள் விடிந்தால் கும்பாபிஷேகம். சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், வர்ணமும் தீர்ந்திருந்தது. அப்படியே விட்டுவிட்டோம்.

"அந்தக் கோபுரம் நான் பூசினது" என்று மாமியார் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த திருப்பணிக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. கோவில் பெயரைச் சொல்லமாட்டேன். எங்கள் பக்கம் வந்தால், ஏதாவது ஒரு வாசலில் விரல்களை எண்ணிப் பாருங்கள். ஆறு இருந்தால் பேசாமல் கும்பிட்டுவிட்டுப் போய்விடுங்கள்.