மூன்றாவது அறைக்காரர்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பழைய பிரபுக்களின் மாளிகை எதற்குள் நுழைந்தாலும் சரி, மூன்றாவது அறையில் அவர் இருப்பார். முதல் அறையில் சீட்டுப் பார்ப்பவர்கள். இரண்டாவது அறையிலேயே எல்லாரும் அண்ணாந்து பார்த்து ‘அடேயப்பா’ சொல்லி முடித்துவிடுவார்கள். மூன்றாவது அறைக்கு வரும்போதுதான் கால் கடுக்கத் தொடங்கும். உட்கார இடம் தேடுகிற கண்ணில் வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகள் படும். ஒவ்வொன்றின் இருக்கையிலும் காய்ந்த முட்பூ ஒன்று கிடக்கும். கோழி முட்டை அளவுத் தலை, சுற்றிலும் சீப்புப் பல்போல் முள். ‘உட்காராதே’ என்று எழுதி வைத்தால் வந்தவர் மனம் நோகுமாம். அதனால் முள்ளை வைத்துச் சொல்கிறார்கள்.

பதின்மூன்றாவதாகக் கதவோரம் ஒரு மடக்கு நாற்காலி இருக்கும். முள் இல்லாதது அது ஒன்றுதான். அதில்தான் அவர்.

வயது எழுபதைத் தாண்டியிருக்கும். முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட ட்வீட் கோட்டு. கழுத்தில் அடையாள அட்டை. பையில் பேனா அளவில் ஒரு டார்ச். சம்பளம் கிடையாது. 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை இப்படி இருநூறுக்கு மேற்பட்ட மாளிகைகளைப் பராமரிக்கிறது. ஐம்பது லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் சந்தா கட்டுகிறார்கள். வாரத்துக்கு ஒருநாளோ இரண்டுநாளோ வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகப் பல்லாயிரம் தன்னார்வலர்கள். சும்மா என்று நான் சொல்கிறேன். அவர் காதில் விழுந்தால் தொலைந்தேன்.

டார்பிஷயர் பக்கம் ஒரு மாளிகையில் நான் அவரிடம் அகப்பட்டேன். பார்க்க வருபவர்கள் மேல் பாயக் கூடாது, அவர்களாகக் கேட்டால்தான் பேச வேண்டும் என்று இவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்களாம். ஆகவே அவர் பேசமாட்டார். லேசாகச் செருமுவார். பிறகு கூரையைப் பார்ப்பார். பக்கத்தில் ஒரு மனிதர் அப்படிக் கூரையைப் பார்த்தால் நாமும் பார்க்காமல் இருக்க முடியுமா? பார்த்தேன். “அழகான வேலைப்பாடு” என்றும் சொல்லித் தொலைத்தேன். தூண்டில்காரருக்குத் தக்கை அசைந்தால் போதும்.

“நாங்கள் இதை 1760களில் மாற்றினோம்” என்றார்.

இந்த ‘நாங்கள்’தான் இவர்களைக் கண்டுகொள்ள உதவும் முதல் அடையாளம். “நாங்கள் மேற்குப் பகுதியை இடித்தோம்.” “எங்களுக்கு அப்போது பணமுடை.” “மூன்றாவது பிரபு சூதாடி எங்களைக் கவிழ்த்துவிட்டார்.” அவருடைய தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இந்த வீட்டுப் பக்கம் வந்திருந்தால் புழக்கடை வாசலோடு சரி, நிலக்கரி இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்பியிருப்பார். பேரனோ பிரபுவின் கடனுக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறார். ஊர்க் கோயில் தேரை ‘நம்ம தேர்’ என்று சொல்கிற உரிமைதான் இது. ஆனால் தேரை நாம் இழுக்கவாவது செய்கிறோம்.

வேலையில் இருந்த காலத்தில் என்ன செய்தார் என்று கேட்டேன். வருமான வரி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இந்த மாளிகைகளைப் பிரபுக்களின் கையிலிருந்து கழற்றியதே அந்த இலாகாதான். வாரிசு வரி ஒரு தலைமுறையில் பாதியைத் தின்னும், அடுத்த தலைமுறையில் மீதியைத் தின்னும். சாட்ஸ்வொர்த் மாளிகையின் பத்தாவது டெவன்ஷயர் டியூக் முன்யோசனைக்காரர். 1946இல் சொத்தையெல்லாம் மகன் பெயருக்கு மாற்றினார். அதன்பின் ஐந்து வருடம் அவர் உயிரோடு இருந்துவிட்டால் வரி இல்லை. 1950 நவம்பரில், கெடு நிறையச் சில மாதங்களே இருக்கும்போது, கண்ணை மூடிவிட்டார். வரி 80 சதவீதம். அதைக் கட்டி மாளாமல் குடும்பம் பலவற்றைக் கொடுத்தது. 1590களில் கட்டிய ஹார்ட்விக் ஹால் அப்படித்தான் 1959இல் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. நான்கு கல்யாணம் செய்து ஒவ்வொன்றிலும் ஒரு படி உயர்ந்த பெஸ் என்ற சீமாட்டி கட்டிய வீடு அது. தன் பெயரின் முதலெழுத்துகளைக் கோபுர உச்சிகளில் ஆளுயரத்துக்குக் கல்லில் செதுக்கி வைத்தாள். எழுத்து இன்னும் இருக்கிறது. வீடுதான் கைமாறிவிட்டது.

வீட்டைப் பிடுங்கிய இலாகாவிலிருந்து ஓய்வுபெற்று, பிடுங்கிய வீட்டுக்கே சம்பளமில்லாக் காவல். இதை நான் எடுத்துச் சொன்னபோது அவர் கொஞ்சமும் அசையவில்லை. “நான் இருந்தது வேறு பிரிவு” என்றார்.

அவருடைய துயரமெல்லாம் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளால் வருவது. 1760களின் சாந்துச் சிற்பத்தைப் பற்றி யாராவது கேட்பார்களா என்று காலையிலிருந்து காத்திருப்பார். கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். பேய் உண்டா என்பார்கள். டவுன்டன் ஆபி தொடரை இங்கேதானே எடுத்தார்கள் என்பார்கள். அது ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைகிளியர் கோட்டையில் எடுத்தது, இங்கிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் என்று அவர் சொல்லச் சொல்ல, “இந்தப் படிக்கட்டு அப்படியே ஞாபகம் இருக்கிறது” என்று கேட்ட அம்மாள் படம் எடுத்துக்கொண்டிருப்பார். அடுத்து படுக்கை. “அந்தக் காலத்து மனிதர்கள் குள்ளமா? கட்டில் இவ்வளவு சிறிதாக இருக்கிறதே?” கட்டில் சிறிதல்ல; நான்கு கம்பமும் திரையும் மேல்விதானமுமாக உயரம் கூடியதால் நீளம் குறைந்ததுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. பலமுறை அளந்து காட்டியிருக்கிறார். அடுத்த அறைக்காரர் மட்டும் ‘அக்காலத்தில் உட்கார்ந்துதான் தூங்கினார்கள்’ என்று கதை விடுகிறார் என்பதில் இவருக்கு ஆறாத கோபம். இருவரும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. பக்கத்து அறைதான், நடுவில் திறந்த கதவு.

நான் கேட்டதும் உருப்படியான கேள்வி அல்ல. “இந்தக் குளிரை எப்படித் தாங்கினார்கள்?” என்றேன். இத்தனை பெரிய சன்னல்கள், எட்ட முடியாத உயரத்தில் கூரை, அறைக்கு ஒரே கணப்பு. நான் கோட்டைக் கழற்றவே இல்லை. அவர் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். “பழகிவிடும்” என்றார். முந்நூறு வருடமாக இங்கேயே குடியிருப்பவர் மாதிரி.

சன்னல் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. வெளிச்சம்தான் அவருக்கு ஜென்மப் பகை. பட்டும் கம்பளமும் நீர்வண்ணப் படமும் வெயில் பட்டு நிறம் போனால் போனதுதான், திரும்ப வராது. ஆகவே அவ்வகைப் பொருட்கள் மேல் 50 லக்ஸ் அளவுக்கு மேல் வெளிச்சம் விழக் கூடாது என்பது கணக்கு. திரையைப் பாதி இறக்கி, சூரியன் நகர நகர அவரும் எழுந்து எழுந்து இறக்கிக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னை மேசைக்கு அருகே அழைத்தார். ஜாடிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், தீப்பெட்டி அளவில் ஓர் அட்டை. அதில் நீலக் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. ஒரு பாதி மூடியிருக்க, மறு பாதி வெளிச்சத்தில். வருடக் கடைசியில் எடுத்து இரண்டு நீலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் வெயில் எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரிந்துவிடும். டார்ச்சை ஒரே ஒரு நொடி அடித்துக் காட்டினார். உடனே அணைத்துவிட்டார், அதுவும் வெளிச்சம்தானே.

அவருடைய பொறாமைக்கு உரிய இடம் அதே டார்பிஷயரில் உள்ள கால்க் ஆபி. எதையும் தூக்கிப்போடாத ஒரு குடும்பம் குடியிருந்து, 1985இல் டிரஸ்டிடம் ஒப்படைத்த வீடு. அங்கே 18ஆம் நூற்றாண்டில் வந்த சீனப் பட்டுத் திரைகளோடு கூடிய அரச கட்டில் ஒன்று, விரிக்கப்படாமலே பெட்டியில் கிடந்து, இருநூறு வருடத்துக்குமேல் கழித்து வெளியே வந்தது. நிறம் அப்படியே, நேற்று நெய்ததுபோல். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. யோசித்துப் பார்த்தால் அவர் கனவு காண்கிற மாளிகை அதுதான்: சன்னலெல்லாம் சாத்தி, சாமானெல்லாம் பெட்டியில் கட்டி, வாசற்படியில் ஒரு முட்பூ வைத்த மாளிகை. அங்கே யாரைப் பார்த்துச் செருமுவது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு நல்ல பரம்பரை உண்டு. 18ஆம் நூற்றாண்டிலேயே கண்ணியமான உடையில் வந்து கதவைத் தட்டினால், வீட்டுப் பொறுப்பாளர் அம்மாள் சாவிக்கொத்தோடு வந்து சுற்றிக் காட்டுவார். 1813இல் வந்த ஜேன் ஆஸ்டின் நாவலில் எலிசபெத், டார்சியின் பெம்பர்லி மாளிகையை அப்படித்தான் பார்க்கிறாள். லண்டனை அடுத்த ஸ்ட்ராபெர்ரி ஹில் வீட்டுக்காரர் ஹொரேஸ் வால்போல் கூட்டம் தாங்காமல் சீட்டு முறை வைத்தார்: நாளுக்கு நான்கே பேர், குழந்தைகள் கூடாது. காட்டிய அம்மாளுக்குப் பார்த்தவர்கள் கொடுத்த காசு குவிந்துபோக, வீட்டுக்கு இறைத்த பணத்தைத் திரும்ப எடுக்க இந்த அம்மாளையே கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதுதான் என்று வால்போல் கடிதத்தில் கேலி செய்தார். நம் மூன்றாவது அறைக்காரருக்கு அந்தக் காசும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஒரு தேநீர். அதையும் அறைக்கு வெளியே போய்த்தான் குடிக்க வேண்டும்.

சன்னல் வழியே புல்வெளியைக் காட்டினார். ஆடுகள் மாளிகைச் சுவர்வரை மேய்வதுபோல் இருந்தது. நடுவில் வேலி எதுவும் தெரியவில்லை. வேலிக்குப் பதில் பள்ளம் வெட்டி, ஒரு பக்கம் சுவர் வைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்க்கும் பிரபுவுக்குத் தடையில்லாத காட்சி, ஆட்டுக்குத் தாண்ட முடியாத தடை. “இதற்குப் பெயர் ஹா-ஹா” என்றார். சொல்லிவிட்டு நான் சிரிக்கிறேனா என்று கவனித்தார். சிரித்தேன். குறித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன்.

“மெட்ராஸ்!” என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். இவர்கள் விடுமுறை நாளிலும் மாளிகைதான் பார்க்கப் போவார்கள். வேறு ஊர் அறைக்காரர்கள் என்ன தப்புச் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்க. அப்படி டெவன் போயிருந்தபோது எக்சிட்டர் அருகே ஒரு குன்றின்மேல் முக்கோண வடிவில் ஒரு வெள்ளைக் கோபுரத்தைப் பார்த்தாராம். ஹால்டன் பெல்வடேர். 1788இல் சர் ராபர்ட் பாக் கட்டியது. பாதிரியாராகக் கப்பலேறியவர், 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னர். தன் நண்பர் மேஜர் ஜெனரல் ஸ்டிரிங்கர் லாரன்ஸின் நினைவுக்காக எழுப்பிய கோபுரம். உள்ளே லாரன்ஸ் ரோமானியத் தளபதி வேஷத்தில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார். “உங்கள் பக்கம் ஒரு கடலுக்கும் இதைக் கட்டியவர் பெயர்தானே?” என்றார்.

பாக் நீரிணை! பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் எத்தனை முறை குறித்திருப்பேன். பாக்குக்கும் அதற்கும் ஏதோ சம்பந்தம் என்றுதான் இத்தனை வயதுவரை நினைத்திருந்தேன். ஈழத்துக்குப் பாக்கு மூட்டை போயிருக்கும் என்று எனக்கு நானே காரணமும் கற்பித்து வைத்திருந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. அடுத்த அறைக்காரரிடம் சொல்லிச் சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்து, ஒன்பது வருடப் பகை என்னால் தீர்ந்துவிடக் கூடாது.

“சர் ராபர்ட்டுக்குக் கோபுரம் கட்ட அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். சாந்துச் சிற்பத்தின் தேதியை மாதத்தோடு சொன்னவர் இங்கே கொஞ்சம் தடுமாறினார். “கிழக்கே போய்... நன்றாகச் செய்தார்.” கூரையைப் பார்த்தார். இந்த முறை நான் பார்க்கவில்லை. தன் கைவசமுள்ள இடங்களில் 93க்கு அடிமை வியாபாரத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு உண்டு என்று நேஷனல் டிரஸ்ட் 2020இல் அறிக்கை வெளியிட்டபோது, அங்கே பெரிய ரகளை. அதற்கு இரண்டு வருடம் முன்பும் ஒரு ரகளை. கார்ன்வாலில் உள்ள லான்ஹைட்ராக் மாளிகையின் விளம்பரப் படத்தில், ஸ்கோன் ரொட்டியில் கிரீம் கீழேயும் ஜாம் மேலேயும் இருந்துவிட்டது. அது டெவன்காரன் பழக்கம். கார்ன்வாலில் ஜாம்தான் முதலில். உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தருகிறேன் என்று கிளம்பியவர்கள் உண்டு. மன்னிப்புக் கேட்டு முடித்தார்கள். எது மேலே எது கீழே என்பதில் அவர்களுக்கு ரோஷம் அதிகம்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. அவர் சன்னலின் மரக்கதவுகளை ஒவ்வொன்றாக மடக்கிச் சாத்தினார். அறை இருண்டு வர, நாற்காலிகளின்மேல் முட்பூக்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. ஒன்று சற்று நகர்ந்திருந்தது. குனிந்து நடுவில் வைத்தார்.

கார் நிறுத்துமிடத்தில் மறுபடி பார்த்தேன். சின்னக் கார், ஏறியதும் முதல் வேலையாக ஹீட்டரைப் போட்டார். கண்ணாடியை இறக்கி விடைபெற்றபோது கேட்டேன்: “நீங்களும் இதுமாதிரி பழைய வீட்டில்தான் குடியிருக்கிறீர்களா?”

அதிர்ந்துபோய்ப் பார்த்தார்.

“சேச்சே! புது பங்களா. இரட்டைக் கண்ணாடிச் சன்னல், தரைக்கடியில் சூடு. பழைய வீட்டில் மனிதன் இருப்பானா? குளிர்!”