13 மார்க் பாதுகாப்பு

கிரிப்டோகிராஃபி பேப்பரில் நான் 'ஓ' கிரேடு. டிஇஎஸ் என்ற குறியாக்க முறையை, 16 சுற்றுகளையும் அம்புக்குறி பிசகாமல், ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி வரைந்துவிட்டு வருவேன். 13 மார்க் கேள்வி அது. 1998-லேயே எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அதற்கென்றே ஓர் இயந்திரம் செய்து, மூன்று நாள் முடிவதற்குள் டிஇஎஸ்ஸின் சாவியைத் தேடிப் பிடித்துவிட்டது. 2001-ல் அமெரிக்க அரசு ஏஇஎஸ் என்ற புது முறையை அறிவித்தும் விட்டது. "இதெல்லாம் இருக்கிற பாராவைக் கேட்க மாட்டாங்கடா" என்று சீனியர் சொன்னதால் நான் படிக்கவில்லை. ஆக, காலாவதியான ஒன்றை அழகாக வரைந்ததற்குக் கிடைத்ததுதான் அந்த 'ஓ'.

லேப் கதை இன்னும் மேல். ஃபயர்வால் பயிற்சிக்கு முந்தைய பேட்ச் அண்ணன் ஒருவரின் அவுட்புட்டைப் பிரின்ட் எடுத்து ரெக்கார்ட் நோட்டில் ஒட்டினேன். அடியில் 'தஸ் த புரோகிராம் வாஸ் எக்சிக்யூட்டட் சக்சஸ்ஃபுல்லி' என்று எழுதி, சாரிடம் கையெழுத்தும் வாங்கினேன். எக்சிக்யூட் ஆனது எது என்று சாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்தத் தகுதிகளோடு சைபர் செக்யூரிட்டியில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா போய்ச் சேர்ந்தேன்.

அங்கேதான் சிசிடிசி போட்டியைப் பற்றித் தெரிந்தது. கல்லூரி மாணவர்களுக்கான சைபர் டிஃபென்ஸ் போட்டி. சான் ஆன்டோனியோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் 2005-ல் தொடங்கியது. நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்து நடத்துகிறார்கள். வட்டாரத்தில் ஜெயித்தவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள். நாம் கேள்விப்படும் ஹேக்கிங் போட்டிகளில் உடைப்பவனுக்குத்தான் பரிசு. இங்கே காப்பாற்றுவது மட்டும்தான் வேலை. பக்கத்து அணியின் சர்வரில் கை வைத்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஓர் அணியில் 12 பேர் வரை பதிவு செய்யலாம். களத்தில் 8 பேர். முதுநிலை மாணவர்கள் இரண்டு பேருக்கு மேல் கூடாது. அந்த இரண்டு பேரில் நான் எப்படி ஒருவனானேன் என்றால், "லினக்ஸ் தெரியுமா?" என்று கேட்டார்கள், "தெரியும்" என்றேன். ரெக்கார்ட் நோட்டை யாரும் கேட்கவில்லை.

எங்கள் கேப்டன் இளநிலை முதலாண்டு. மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்த வயது. ஆனால், ஏர் ஃபோர்ஸ் அசோசியேஷன் 2009-ல் ஆரம்பித்த சைபர்பேட்ரியட் என்ற பள்ளிப் போட்டியில் ஆடி வளர்ந்த பையன். ஓட்டை உடைசலான விண்டோஸ், லினக்ஸ் கணினிகளைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்யச் சொல்வார்கள் அதில். நான் பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி ஃபார்முலாவை மனப்பாடம் செய்துகொண்டிருந்த வயதில் அவன் தேவையில்லாத பயனர் கணக்குகளைக் களையெடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

போட்டியின் கதை எளிது. ஒரு நிறுவனம். பழைய கம்ப்யூட்டர் ஆட்கள் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன சர்வர்களை இன்று முதல் நீங்கள் நடத்த வேண்டும். இணையதளம் திறக்கிறதா, மெயில் போகிறதா, டிஎன்எஸ் பதில் சொல்கிறதா என்று ஓர் இயந்திரம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் மார்க். இன்னொரு பக்கம் ரெட் டீம். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள், தன்னார்வலர்களாக வந்து நம்மை அடிப்பார்கள். கோபால்ட் ஸ்ட்ரைக் என்ற ஊடுருவல் கருவியை 2012-ல் வெளியிட்ட ரஃபேல் மட்ஜ்கூட இந்தப் போட்டியில் ரெட் டீமில் உட்கார்ந்து மாணவர்களை அடித்தவர்தான். நடுநடுவே 'நிர்வாகத்திடமிருந்து' கடிதங்கள் வரும்: இன்ன அறிக்கை கொடு, இன்ன வசதியைச் செய்து கொடு, இத்தனை மணிக்குள். இதற்கு இன்ஜெக்ட் என்று பெயர். அதற்கும் மார்க் உண்டு.

அறைக்குள் பென் டிரைவ் கூடாது, சொந்த லேப்டாப் கூடாது. அச்சிட்ட காகிதம் கொண்டு போகலாம். கூட வந்த பேராசிரியர் போட்டி நேரத்தில் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் இரண்டு பக்க செக்லிஸ்ட் கொண்டு வந்திருந்தார்கள். நான் ஊரிலிருந்து கிலோ கணக்குப் பார்த்துச் சுமந்து வந்த, ஸ்டாலிங்ஸ் எழுதிய கிரிப்டோகிராஃபி பாடப் புத்தகத்தைக் கொண்டு போனேன். என் மானிட்டர் கொஞ்சம் தாழ்வாக இருந்தது. புத்தகம் சரியான உயரம்.

முதல் வேலை பாஸ்வேர்ட் மாற்றுவது. பழைய பாஸ்வேர்டுகள் ரெட் டீமுக்கு அத்துப்படி என்பதால் அதில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மெயில் கணக்குகளை எனக்கு ஒதுக்கினார்கள். நீளமாக, சிக்கலாக, எவராலும் ஊகிக்க முடியாதபடி மாற்றி, காகிதத்தில் எழுதினேன். தட்டிப் பார்க்கும் இயந்திரமும் அதே பாஸ்வேர்டில்தான் உள்ளே வரும். மாற்றியதை நடுவர்களுக்கு எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்கோர் பலகையில் மெயில் வரிசை மொத்தமும் சிவப்பானது. என் கையெழுத்தில் எது ஓ, எது சைபர் என்று நடுவருக்குத் தெரியவில்லை. காகிதத்தைத் திருப்பி என்னிடமே கொடுத்துக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எவராலும் ஊகிக்க முடியாத பாஸ்வேர்ட் என்ற என் லட்சியம் நிறைவேறியது.

அடுத்து ஃபயர்வால். நான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய வேலை. எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக லினக்ஸ் சர்வருக்குள் போய், 'உள்ளே வரும் எல்லாவற்றையும் தடு' என்ற கட்டளையை அடித்தேன். 'எனக்கும் வாடிக்கையாளருக்கும் வழி விடு' என்பது அடுத்த கட்டளை. அதை அடிக்கப் போனால் திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. முதல் கட்டளையில் நானும் அடக்கம்.

"நெட்வொர்க் கொஞ்சம் ஸ்லோவாக இருக்கிறது" என்றேன் பொதுவாக, கூரையைப் பார்த்து.

கேப்டன் எட்டிப் பார்த்தான். "உன்னை நீயே வெளியே தள்ளிவிட்டாயா?"

"இப்போது யாராலும் ஹேக் செய்ய முடியாது" என்றேன்.

"யாராலும் எதையும் வாங்கவும் முடியாது" என்றான். கன்சோலைத் திறந்து அரை நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போனான். அதற்குள் இணையதளம் சிவப்பு. தஸ் த புரோகிராம் வாஸ் எக்சிக்யூட்டட் சக்சஸ்ஃபுல்லி.

பயனர் கணக்குகளிலும் கை வைத்தேன். பாதி எழுத்தும் பாதி எண்ணுமாக, பார்த்தாலே திருட்டு முழி முழிக்கும் பெயர் ஒன்று இருந்தது. நீக்கினேன். இணையதளம் தன் டேட்டாபேஸோடு பேசுவதற்கு வைத்திருந்த கணக்கு அது. பக்கத்திலேயே 'ஹெல்ப்டெஸ்க்' என்று மரியாதையான பெயரில் ஒன்று இருந்தது. பாவம், உதவி செய்கிற ஆள் என்று விட்டுவிட்டேன். ரெட் டீம் வைத்த கணக்கு அதுதான்.

சர்வரில் நான் இனி எதையும் தொடாமல் இருப்பதே அணிக்கு நல்லது என்று எல்லோருக்கும் ஏககாலத்தில் தோன்றியிருக்க வேண்டும். "நீ முதுநிலை மாணவன், நன்றாக எழுதுவாய்" என்று சொல்லி இன்ஜெக்ட் பக்கம் மாற்றினார்கள். நானும் உள்ளூர மகிழ்ந்தேன். எழுதுவது நம் கோட்டையல்லவா?

நிர்வாகம் கேட்டது, பாஸ்வேர்ட் கொள்கை குறித்து ஒரு பக்கக் குறிப்பு. நான் 13 மார்க்குக்கு எழுதினேன். முன்னுரை: பாஸ்வேர்ட் என்றால் என்ன. அதன் வகைகள். தாக்குதல்களின் வகைகள், படத்துடன். நன்மைகள், தீமைகள். தலைப்புகளுக்கெல்லாம் அடிக்கோடு. முடிவுரைக்குச் சற்று முன்னால் கொள்கையும் வந்தது: 30 நாளுக்கு ஒரு முறை எல்லோரும் மாற்ற வேண்டும், சிறப்புக் குறியீடு கட்டாயம். கேப்டன் படித்தான். காரணமில்லாமல் நாள் வைத்து மாற்றச் சொல்லாதீர்கள், குறியீட்டுக் கட்டாயம் வேண்டாம், நீளமாக இருந்தால் நல்லது என்று நிஸ்ட் என்ற அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு 2017-லேயே சொல்லிவிட்டதாம். திருத்த நேரமில்லை, அப்படியே போனது. திரும்பி வந்த குறிப்பு ஒரே வரி: 'சரி, நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?'

இத்தனை பக்கம் எழுதியும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் அதில் இல்லை. ஊரில் எந்தப் பேப்பரிலும் அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

உண்மையில் பெரிய தப்பு அதற்குப் பிறகுதான். சர்வர் ஒன்றில் நாங்கள் வைக்காத நிரல் ஒன்று ஓடுவதைப் பார்த்தேன். கண்டுபிடித்தது நான்தான், நிறுத்தி அழித்ததும் நான்தான். யாரிடமும் சொல்லவில்லை. ஊடுருவல் நடந்ததை ஒப்புக்கொண்டால் மார்க் போகும் என்று பயம். விதிமுறை நேர் எதிராக இருந்தது. அடி விழுந்தால் மார்க் குறைவது நிச்சயம். எங்கிருந்து வந்தார்கள், எதைத் தொட்டார்கள், நாம் என்ன செய்தோம் என்று ஒழுங்காக அறிக்கை கொடுத்தால் போனதில் கொஞ்சம் திரும்பி வரும். நான் அழித்தது ஆதாரத்தையும் சேர்த்து. என்ன நடந்தது என்று அணியில் எவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். ரெட் டீம்கூட இவ்வளவு சுத்தமாகத் தடயத்தை அழித்திருக்காது.

முடிந்ததும் ரெட் டீம்காரர்கள் வந்து, எப்படியெல்லாம் உள்ளே வந்தார்கள் என்று அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள். போட்டியின் மிக நல்ல பகுதி அதுதான். எங்களிடம் வந்தவர் சாதுவான மனிதர், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி பொறுமை. என் ஃபயர்வாலைப் பாராட்டினார். வெளியிலிருந்து உள்ளே வருவதை நன்றாக அடைத்திருந்தேனாம். ஆனால் போட்டி தொடங்கிய கையோடு அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தாயிற்று. அவர்கள் வைத்த நிரல் 443-ஆம் போர்ட் வழியாக, யாரோ இணையதளம் பார்ப்பதுபோல, அவ்வப்போது வெளியே தன் எஜமானைக் கூப்பிட்டு 'அடுத்து என்ன?' என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளிருந்து வெளியே போவதை நான் தடுக்கவே இல்லை. திருடன் மாடியில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டிருக்க, நான் வாசல் கேட்டுக்குப் பெரிய பூட்டாகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் அழித்த நிரல்? "அதுவா, நீங்கள் கண்டுபிடிப்பதற்காக வைத்தது" என்றார் அன்பாக.

எங்கள் அணி என்ன இடம் பிடித்தது என்று கேட்காதீர்கள். பழைய பட்டியலை மட்டும் பிறகு உட்கார்ந்து பார்த்தேன். சென்ட்ரல் ஃபுளோரிடா 2014 முதல் 2016 வரை, வர்ஜீனியா 2018 முதல் 2020 வரை தொடர்ந்து தேசியப் பட்டம். 2008-லும் 2009-லும் வென்றது மிச்சிகனின் பேக்கர் காலேஜ். அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எம்ஐடியும் ஹார்வர்டும்தான் எல்லாவற்றிலும் முதலில் நிற்கும் என்று நினைத்திருந்த எனக்கு அது நல்ல மருந்து. இந்த விளையாட்டில் மார்க் கொட்டிக் கிடப்பது அதிசயமான இடத்திலெல்லாம் இல்லை. என்னென்ன சர்வர் இருக்கிறது என்று பட்டியல் போடு. பேக்கப் எடு. மாற்றியதைப் படிக்கும்படி எழுதி வை. அடி விழுந்தால் உடனே சொல். கடையை மூடாதே. சைபர் செக்யூரிட்டி என்றால் கதவைச் சாத்துவது என்று நான் நினைத்திருந்தேன். சாத்துவதற்கு ஆள் எதற்கு, கரண்ட்டைப் பிடுங்கிவிட்டால் போதுமே! ஊரெல்லாம் வந்து போகிற இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டே காவல் இருப்பதற்குத்தான் சம்பளம். இதை எந்த யூனிட்டில் சேர்ப்பது என்று பாடத்திட்டக் குழுவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். படம் போட முடியாத விஷயம்.

போட்டிக்கு வேலை கொடுப்பவர்களும் வந்திருந்தார்கள். என் தோல்விகளை அவர்கள் பொருட்படுத்தவில்லை; கேட்டது ஒன்றே ஒன்று, "அமெரிக்கக் குடிமகனா?" அரசு, ராணுவம் சார்ந்த வேலைகளுக்கு அது அவசியம். பிறகு எச்1பி விசா குலுக்கலிலும் பெயர் விழவில்லை. இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்தில் கண்காணிப்புப் பிரிவில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். சைபர் சம்பவம் நடந்தால் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற அரசு அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டு உத்தரவை விளக்கும்போது, மறைப்பவனின் மனநிலையை நான் வர்ணிப்பதைக் கேட்டு, "நேர்ல பார்த்த மாதிரி சொல்றீங்க சார்" என்றாள் ஒரு பெண்.

போன ஜூனில் 'உங்கள் ஃபார்ம் 16 தயார்' என்று ஒரு மெயில் வந்தது. திறந்தேன், கிளிக் செய்தேன், பாஸ்வேர்டும் கொடுத்தேன். எங்கள் கம்பெனியே ஊழியர்களைச் சோதிக்க அனுப்பிய போலி மெயில் அது. ஆனால் இந்த முறை மறைக்கவில்லை. எத்தனை மணிக்கு, எந்த மெயில், எதைக் கொடுத்தேன், உடனே எதை மாற்றினேன், நீங்கள் எதைச் செய்ய வேண்டும் என்று ஐந்து வரியில் எழுதி உடனே அனுப்பினேன். முன்னுரை இல்லை, படம் இல்லை. மேலாளர் என் இருக்கைக்கே வந்தார்.

"ரிப்போர்ட் பிரமாதம்ங்க. இதையே டெம்ப்ளேட்டா வெச்சுக்கலாம்னு இருக்கோம்" என்றார். "அடுத்த வருஷம் ஐடி ரிட்டர்ன் வேலைய மட்டும் ஆடிட்டர்கிட்ட கொடுத்துடுங்க."